‘வல்லுநர் குழு பரிந்துரைக்கவில்லை’: ஒற்றை வரி நிராகரிப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் வில்லுப்பாட்டுப் பயிற்சி அளித்துவரும் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் சங்கம் 2011இல் பதிவு பெற்றது. கிராமியக் கலைப் பயிற்சிக்கு நிதிநல்கை வழங்கும், மத்திய அரசு சார்ந்த ஓர் அமைப்பிடம் சென்ற ஆகஸ்டில் விண்ணப்பித்தோம். அவர்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் மூன்றாண்டுச் செயல்பாடு, தணிக்கை செய்த கணக்கு, பயிற்சிக்கான இடம், பயிற்றுநரின் அனுபவம், அருகிவரும் கலைகளுக்கு முன்னுரிமை ஆகியவை மட்டுமே சொல்லப்பட்டிருந்தன. ஜனவரி இறுதியில், ‘வல்லுநர் குழு பரிந்துரைக்கவில்லை’ என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்ற கூட்டக் குறிப்பில், நூறு மதிப்பெண்ணுக்கு 60 எடுத்தவர்களைத் தேர்ந்திருப்பதும், ‘தேசிய அளவிலான நிகழ்ச்சிகள்’ என்ற தலைப்புக்கு 20 மதிப்பெண் ஒதுக்கி எங்களுக்கு அதில் சுழியம் போட்டிருப்பதும் தெரிந்தது. எங்கள் மொத்தம் 52. பதிவு பெற்று இரண்டாண்டுகூட நிறைவடையாத ஓர் அமைப்பு தேர்வாகியிருக்கிறது. தேர்வான வேறோர் அமைப்பின் ஆலோசகரே வல்லுநர் குழுவில் உறுப்பினராக இருந்திருக்கிறார். ‘நெறிமுறை என்பது சட்டமல்ல, நல்கை தருவதும் தராததும் அவர்கள் விருப்பம், வழக்கு நிற்காது’ என்று எங்களூர் வழக்கறிஞர் சொல்கிறார். உண்மையில் எங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: உங்களூர் வழக்கறிஞர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மீதிப் பாதியைப் பேச முடியும். பொதுநோக்கம் ஒன்றுக்காக அரசு நல்கை வழங்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 282 அனுமதிக்கிறதே ஒழிய, அதைக் கேட்டுப் பெறும் உரிமை எவருக்கும் உண்டு என்று அது சொல்லவில்லை. கல்வி நிறுவனங்களுக்கான அரசு உதவி தொடர்பான உத்தரப் பிரதேச வழக்கொன்றில், நிதியுதவி பெறுவது அடிப்படை உரிமையல்ல, அது அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியிருக்கிறது. ஆகவே, ‘எங்களுக்கு நல்கை தர உத்தரவிடுங்கள்’ என்பதை மட்டுமே கோரிக்கையாக வைத்துப் போகும் மனு பெரும்பாலும் தள்ளுபடியாகும்.

ஆனால் உங்கள் மனக்குறையைச் சற்று ஊன்றிப் பாருங்கள். நீங்கள் கேட்பது பணம் என்று தோன்றினாலும், கடிதத்தின் ஒவ்வொரு வரியும் வேறொன்றைத்தான் கேட்கிறது. ஓர் அளவுகோலை அச்சிட்டு எங்கள் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வேறோர் அளவுகோலால் எங்களை அளந்தது ஏன் என்பதே உங்கள் கேள்வி. பணத்துக்கு உரிமை இல்லாதவருக்கும், அறிவித்த அளவுகோலால் அளக்கப்படுவதற்கு உரிமை உண்டு. நீதிமுறை ஆய்வு என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டாவது உரிமையைப் பற்றியது. வழங்கிய தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கும் ‘சீராய்வு மனு’வுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஆய்வுக்கு உள்ளாவது நிர்வாக அமைப்பு முடிவெடுத்த விதம். அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பதை நீதிமன்றம் எடைபோடாது, அதை எட்டிய வழி நேர்மையானதா என்பதையே பார்க்கும் என்று டாட்டா செல்லுலார் வழக்கில் 1994இல் வகுத்த வரம்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அந்த அமைப்பு அரசுத் துறையாக இல்லாமல் பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கலாம் என்பது பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சங்கமாகப் பதிவு பெற்ற அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தை, பிரதீப் குமார் பிஸ்வாஸ் வழக்கில் 2002இல் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு ‘அரசு’ என்றே, அதாவது அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்ட அமைப்பு என்றே, ஏற்றுக்கொண்டது. நிதி, செயல்பாடு, நிர்வாகம் ஆகியவற்றில் அரசின் ஆதிக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதே அதற்கான சோதனை. உங்களை நிராகரித்த அமைப்பின் விதிமுறைகளையும் அதன் ஆண்டறிக்கையையும் மனுவோடு இணைத்தால் போதும்.

இனி ‘நெறிமுறை சட்டமல்ல’ என்ற வாதத்துக்கு வருகிறேன். இதற்கான விடை 1979இலேயே கிடைத்துவிட்டது. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் இரண்டாம் தர உணவகத்தையும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளையும் நடத்த, பன்னாட்டு விமான நிலைய ஆணையம் 1977இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர உணவக உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. ரமணா தயாராம் ஷெட்டி என்பவர் தொடுத்த வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, பொது அமைப்பு ஒன்று தானே வகுத்து அறிவித்த தகுதி அளவுக்குத் தானே கட்டுப்பட்டது என்றும், தக்க காரணமின்றி அதிலிருந்து விலகினால் அது பிரிவு 14 தரும் சமத்துவத்தை மீறிய செயல் என்றும் நிலைநாட்டியது. அரசு தரும் சலுகைகளும் உதவிகளும் அதிகாரியின் மனம்போன போக்கில் வழங்கப்படக் கூடாது என்ற கருத்து நம் சட்டத்தில் வேரூன்றியதற்கு அந்தத் தீர்ப்பே முதன்மைக் காரணம். 1983இல் பி. எஸ். மின்ஹாஸ் வழக்கில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் துணைவிதிகளுக்குச் சட்டத்தின் வலு இல்லை என்று வாதிடப்பட்டபோதும், தன் நடத்தையை ஒழுங்குபடுத்தத் தானே எழுதிவைத்த விதியைக் கழகம் பின்பற்றியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே, உங்களூர் வழக்கறிஞரின் வாதம் புதியதும் அல்ல, விடையற்றதும் அல்ல.

உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த 20 மதிப்பெண்தான். ஆயினும் அதைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். நெறிமுறையில் சொன்ன தகுதிகளை எடைபோடுவதற்காகக் குழு ஒரு மதிப்பெண் அட்டவணை தயாரித்தது என்பதாலேயே அது தவறாகிவிடாது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒப்பிட ஏதேனும் ஒரு முறை தேவை. நியமனங்கள் தொடர்பான தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த வேறுபாடு இங்கே பொருந்தும் என்பது என் கருத்து. தேர்வு தொடங்கிய பின்பு, விதிகள் அனுமதித்தாலன்றித் தகுதியையே மாற்றக் கூடாது. ஆனால் தேர்வை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான முறையை, அது வெளிப்படையானதாகவும் பாகுபாடற்றதாகவும் நோக்கத்தோடு பொருந்துவதாகவும் இருக்கும்வரை, தேர்வு செய்யும் அமைப்பே வகுத்துக்கொள்ளலாம். எனவே ‘தேசிய அளவிலான நிகழ்ச்சிகள்’ என்பது அச்சிட்ட தகுதிகளுள் ஒன்றின் விளக்கமா, அல்லது குழு புதிதாகப் புகுத்திய தகுதியா என்பதே உங்கள் வழக்கின் மையக் கேள்வியாக இருக்கும்.

அது பயிற்றுநரின் அனுபவத்தை அளக்கும் வழி என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் கடிதத்தில் உள்ள நெறிமுறையை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் வலுவற்றது. நிகழ்ச்சி நடத்துவதற்கான திட்டத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்தீர்கள். அருகிவரும் கலைக்கு முன்னுரிமை என்று ஒரு கையால் எழுதிவிட்டு, தேசிய மேடை ஏறாத கலைக்குச் சுழியம் என்று மறுகையால் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடியக் கதை சொல்லும் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் பெருமையை டெல்லி மேடைச் சான்றிதழ்களை எண்ணி அளக்க முடியுமா என்ற கேள்வி எனக்கும் எழுகிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் அந்த வடிவத்தில் வைக்காதீர்கள். கலையின் மதிப்பைப் பற்றிய விவாதத்துக்குள் நீதிபதி நுழைய மாட்டார். மாறாகக் கணக்கை வையுங்கள். புகுத்தப்பட்ட 20ஐ நீக்கினால் மீதி 80. அதில் நீங்கள் பெற்றது 52, அதாவது நூற்றுக்கு 65. அச்சிட்ட அளவுகோலால் மட்டும் அளந்திருந்தால் 60 என்ற வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். முறைகேடு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் உங்களுக்குப் பாதிப்பு நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். இந்த இரண்டு வரிக் கணக்கு அதைக் காட்டுகிறது. மற்றவர்களின் மதிப்பெண்களையும் அதே முறையில் கணக்கிட்டால் வரிசை எப்படி மாறும் என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும் என்பதால், தேர்வானவர்களின் தலைப்புவாரி மதிப்பெண்களையும் இப்போதே கேட்டுப் பெற்றுவிடுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நெறிமுறையின் கடைசிப் பக்கத்தில் ‘தேவைப்படும் கூடுதல் அளவுகோல்களைக் குழு வகுத்துக்கொள்ளலாம்’ என்ற பொருளில் ஏதேனும் வாசகம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்லூரி விரிவுரையாளர் பணிக்கான 2012ஆம் ஆண்டு ‘நெட்’ தகுதித் தேர்வில் முடிவுக்குச் சற்று முன்பாகப் பல்கலைக்கழக மானியக் குழு கூடுதல் மதிப்பெண் வரம்பை நிர்ணயித்ததை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. ஆனால் 2013இல் உச்ச நீதிமன்றம் மானியக் குழுவின் பக்கமே நின்றது. இறுதித் தகுதி வரம்பு முடிவுகளுக்கு முன் நிர்ணயிக்கப்படும் என்று அறிவிக்கையிலேயே சொல்லப்பட்டிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அத்தகைய வாசகம் உங்கள் நெறிமுறையில் இருந்தால் வழக்கு பாதி வலுவிழக்கும். ‘குழுவின் முடிவே இறுதியானது’ என்ற வழக்கமான வரி மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம். பேராணை (ரிட்) பிறப்பிக்க அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 226 உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரத்துக்கு எந்த நெறிமுறையும் தாழ்ப்பாள் போட முடியாது.

ஆலோசகராக இருந்துகொண்டே குழுவில் அமர்ந்தவரைப் பற்றிய புகார் உங்கள் இரண்டாவது வலுவான வாதம். பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்த குழுவில், தேர்வுக்கு வந்த நூல்களை எழுதியவர்களே உறுப்பினர்களாக இருந்ததை ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பதிப்பகம் எதிர்த்தது. அந்த ஜே. மொகபாத்ரா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் கூறியது உங்களுக்கு அப்படியே பயன்படும். தம் நூல் பரிசீலனைக்கு வரும்போது மட்டும் ஒருவர் எழுந்து வெளியே போனால் போதாது. மற்ற நூல்களைப் பற்றி அவர் சொல்லும் கருத்திலும், சக உறுப்பினர்கள் அவர்பால் காட்டும் தயவிலும் சார்பு நுழையக்கூடும். உண்மையிலேயே சார்பு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சார்புக்கு நியாயமான வாய்ப்பு இருந்தது என்றாலே போதும். ஆனால் அவர் அந்த அமைப்பின் ஆலோசகர் என்பதற்கு ஆவணம் வேண்டும்: துண்டறிக்கை, ஆண்டறிக்கை, கடிதத் தலைப்பு, இப்படி எதுவாயினும். குழுக் கூட்டத்துக்குப் பின் ஆலோசகரானார் என்றால் இந்த வாதமே எழாது. செவிவழிச் செய்தியை மட்டும் வைத்து ஒருவர் மீது சார்புக் குற்றம் சாட்டிவிட்டு, பிறகு மெய்ப்பிக்க முடியாமல் நிற்கும் மனுதாரரின் மற்ற வாதங்களையும் நீதிமன்றம் ஐயத்தோடுதான் பார்க்கும்.

இரண்டாண்டு அமைப்புக்கு நல்கை கிடைத்தது பற்றி நீங்கள் மிகுந்த கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அதுதான் உங்கள் மிக மெலிந்த வாதம். தகுதியற்ற ஒருவருக்குத் தவறாகக் கொடுத்தார்கள் என்பதால் எனக்கும் கொடு என்று கேட்க முடியாது. பிரிவு 14 தவறைப் பரப்புவதற்கான கருவியல்ல என்று 1995இல் சண்டிகர் நிர்வாகம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தத் தேர்வையே ரத்து செய்யக் கோருவது வேறு. அதற்கு அந்த அமைப்பையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, அதன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். என் யோசனை, அவர்களை எதிர்மனுதாரராகச் சேருங்கள், ஆனால் அவர்களுடைய நல்கையைப் பறிக்கும் கோரிக்கையை முன்னிறுத்தாதீர்கள். குழு தன் நெறிமுறையை ஒருவருக்குத் தளர்த்தி மற்றவருக்கு இறுக்கியது என்பதற்குச் சான்றாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒற்றை வரிக் கடிதத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணங்களைத் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(ஈ) பொது அமைப்புகளுக்குக் கடமை விதிக்கிறது. நீங்கள் வழக்குத் தொடுத்ததும் அந்த ஒற்றை வரி, பதில் மனுவில் பத்துப் பக்கமாக வளர்ந்து வரும். உங்கள் பயிற்சிக்கூடத்தில் கழிப்பறை வசதி இல்லை, கணக்கில் ஏதோ குறை என்றெல்லாம் புதுக் காரணங்கள் முளைக்கும். அப்போது கைகொடுப்பது மொகிந்தர் சிங் கில் வழக்கு. ஓர் உத்தரவு அது பிறந்தபோது இருந்த காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பிரமாணப் பத்திரத்தின் வழியே பின்னால் காரணம் சேர்க்க முடியாது என்றும், நாள் ஆக ஆகச் சுவை கூடும் பழைய மது அல்ல உத்தரவு என்றும் நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் எழுதினார். கூட்டக் குறிப்பு உங்கள் கையில் இருப்பதால், குறிப்பில் இல்லாத காரணம் எதுவும் பின்னால் ஒட்டியது என்று எளிதில் காட்டிவிடலாம்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற வட்டாரத்தில் ‘செர்ஷியோராரிஃபைட் மாண்டமஸ்’ என்று ஒரு வினோதமான பெயரில் வழங்கும் பேராணையைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்: நிராகரிப்பை ரத்து செய்து, மறுபரிசீலனை செய்யுமாறு கட்டளையிடுவது. நேரடியாகப் பணத்தை வழங்கச் சொல்லும் உத்தரவு மிக அரிது. தனியார் சட்டக் கல்லூரிகளுக்கு மட்டும் நிதியுதவி மறுத்ததைப் பாகுபாடு என்று மகாராஷ்டிர அரசு தொடர்பான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அவற்றுக்கும் உதவி வழங்கச் சொன்னது உண்டு; ஆனால் அது ஒரு வகையையே ஒதுக்கிய வழக்கு, உங்களுடையது ஒரு விண்ணப்பத்தை மதிப்பிட்ட வழக்கு. ஆகவே ‘பரிசீலிக்கவும்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அப்படி வாங்கிய உத்தரவை எடுத்துக்கொண்டு போனால், இரண்டு மாதத்தில் மேலும் அழகான மொழியில் இன்னொரு நிராகரிப்பு வரும். என் அலுவலகத்திலேயே அத்தகைய கோப்புகள் சில உண்டு. அச்சிட்ட அளவுகோல்களால் மட்டும், அந்த உறுப்பினர் இல்லாத குழுவால், எட்டு வாரத்துக்குள், காரணங்களோடு கூடிய உத்தரவாக, நடப்பு நிதியாண்டின் ஒதுக்கீட்டிலிருந்து என்று ஒவ்வொன்றையும் கோரிக்கையில் எழுதுங்கள். மார்ச் 31ஓடு சென்ற ஆண்டின் நிதி முடிந்துவிட்டது என்பார்கள். கடைசிச் சொற்றொடர் அதற்காகத்தான்.

காலம் உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது. பேராணை மனுவுக்குக் காலவரம்புச் சட்டம் நாள் குறிக்கவில்லை என்றாலும் தாமதம் மனுவைக் கொல்லும். மேலே சொன்ன ஷெட்டி வழக்கின் முடிவு என்ன தெரியுமா? சட்டக் கேள்வியில் எல்லாம் அவர் பக்கமே நியாயம் என்று சொன்ன நீதிமன்றம், அவருக்கு நிவாரணம் தர மறுத்துவிட்டது. ஐந்து மாதங்களுக்கு மேல் தாமதித்து வந்தார், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் ஒரு லட்சத்துக்கும் மேல் செலவழித்துவிட்டார், வழக்கின் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்பவை காரணங்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பில் மனுதாரர் வெறுங்கையோடு போனார். கோரிக்கை மனு மேல் மனுவாக அனுப்பிக்கொண்டே இருந்தால் காலம் நீளும் என்று நம்பவும் வேண்டாம். பழைய விவகாரத்தில் மனு கொடுத்துப் பெற்ற பதில் புதிய வழக்குமூலத்தை, அதாவது வழக்குத் தொடுப்பதற்கான புதிய அடிப்படையை, தராது என்பது தமிழ்நாட்டிலிருந்து சென்ற சி. ஜேக்கப் வழக்கில் 2008இலேயே முடிவான விஷயம். செயலுறுத்தும் பேராணைக்கு (மாண்டமஸ்) முன் ஒரு கோரிக்கை வைத்து மறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், புகுத்திய 20 மதிப்பெண், குழுவில் சார்பு, காரணம் சொல்லாத கடிதம் என்ற மூன்று வாதங்களையும் சுருக்கி, பதினைந்து நாள் கெடு வைத்து ஒரே ஒரு மனு பதிவஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பதினாறாம் நாள் மனுவைத் தாக்கல் செய்யத் தயாராக இருங்கள்.

அமைப்பின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. வழக்குமூலத்தின் ஒரு பகுதி தன் எல்லைக்குள் எழுந்தாலும் உயர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று பிரிவு 226(2) சொல்கிறது. கடிதம் உங்கள் முகவரிக்கு வந்தது என்பதை மட்டும் நம்பாமல், பயிற்சி நடக்க இருந்த இடம் தூத்துக்குடி மாவட்டம், கள ஆய்வுக்கு அதிகாரி வந்திருந்தால் அதுவும், என்று மனுவில் விரிவாகக் குறிப்பிட்டு மதுரைக் கிளையில் தாக்கல் செய்யுங்கள். பொதுநல வழக்காகப் போடாதீர்கள். இடைக்காலமாக மற்றவர்களின் நல்கையை நிறுத்தக் கேட்டால் நீதிபதியின் பரிவை இழப்பீர்கள். ஓர் இடத்துக்கான தொகையை நடப்பாண்டில் ஒதுக்கிவைக்கக் கேட்பதே ஏற்கப்பட வாய்ப்புள்ளது.

இதற்கிடையில் செய்ய வேண்டியவை சில. தகவல் கோரும் இரண்டாவது மனுவைத் தமிழிலேயே எழுதலாம்; 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மதிப்பெண் அட்டவணை எந்தத் தேதியில், யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்பதைக் கேளுங்கள். விண்ணப்பங்களின் கடைசி நாளுக்குப் பிந்தைய தேதி என்றால் உங்கள் முதல் வாதம் இன்னும் வலுப்பெறும். ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே போட்ட மதிப்பெண்ணைப் பெயரோடு கேட்டால், அந்த உறுப்பினர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க இடமுண்டு. பெயரை நீக்கித் தரச் சொல்லுங்கள். வழக்குத் தொடுக்கச் செயலாளருக்கு அதிகாரமளிக்கும் செயற்குழுத் தீர்மானம் சங்கத்தின் குறிப்பேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். இது இல்லாமல் முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டுக்கான அறிவிப்பு வந்ததும் மறக்காமல் மீண்டும் விண்ணப்பித்து, சென்ற ஆண்டு நிராகரிப்பை எதிர்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்த விண்ணப்பம் அளிக்கப்படுகிறது என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.